வக்கீலை மாற்றும்போது கேஸ் கட்டும் என்ஓசியும் (பெங்களூரு)

சிவாஜிநகர்வாசி:
பழைய வக்கீல் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சம்மதக் கடிதம்) தராவிட்டால் கேஸே நின்றுவிடும் என்று மேயோ ஹால் கோர்ட்டில் அலையும் நம்மவர்கள் நிறையப் பேர் நம்புகிறார்கள். நிற்காது. வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் விதி 39-இன்படி, சம்மதம் கிடைக்காத காரணத்தை எழுதி மனு போட்டு, கோர்ட் அனுமதியோடு புது வக்கீல் ஆஜராகலாம். அதற்கு முன் பழையவருக்கு ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்பி, நகலையும் ரசீதையும் மனுவோடு சேர்த்துவிடுங்கள். வாயால் கேட்டதற்குச் சாட்சி இருக்காது.

ஃபீஸ் பாக்கி என்று கேஸ் கட்டை (வழக்குக் காகிதங்களை) வக்கீல் பிடித்து வைப்பதும் தவறு. ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பாக்கி இருந்தால் அவர் அதற்குத் தனியாக வழக்குப் போடட்டும்.

அல்சூர் அண்ணாச்சி:
சரியாகச் சொன்னீங்க சார். கோர்ட்டில் தாக்கலான காகிதங்களுக்குச் சான்றிட்ட நகல் வாங்கிவிடலாம். தாக்கல் ஆகாமல் வக்கீல் ஆபீசிலேயே கிடக்கும் அசல் கிரயப் பத்திரம்தான் தலைவலி. கொடுக்கும்போதே பட்டியல் எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வாங்குங்கள். கன்னடம் படிக்கத் தெரியாதவர்கள் ராஜி மனுவை (சமரச மனுவை) தமிழில் சொல்லக் கேட்காமல் கையெழுத்துப் போடவே கூடாது. வெற்றுத்தாளிலும் வேண்டாம்.

ஸ்ரீராம்புரம் தம்பி:
விபத்து நஷ்டஈட்டு கேஸில் "வரும் பணத்தில் இத்தனை சதவீதம்" என்று பேசுவது இன்னும் நடக்கிறது அண்ணா. அதே பார் கவுன்சில் விதிகளில் விதி 20 அதைத் தடுக்கிறது. ஃபீஸைத் தொகையாகப் பேசி ரசீது வாங்க வேண்டும். கட்சிக்காரர் பணம் கைக்கு வந்தால் உடனே தெரிவிப்பதும், கேட்டால் கணக்கு நகல் தருவதும் வக்கீலின் கடமை. கேட்கத் தயங்காதீர்கள், அது அவமரியாதை இல்லை.

சிவாஜிநகர்வாசி:
புகார் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வக்கீல் சட்டம் 35-ஆம் பிரிவில் கர்நாடக மாநில பார் கவுன்சிலுக்கு எழுத வேண்டும். வக்காலத்து நகல், ரசீதுகள், அனுப்பிய கடிதங்கள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் இணையுங்கள். கோபத்தில் பத்துக் குற்றச்சாட்டு எழுதுவதைவிட, ஆவணம் உள்ள இரண்டு போதும். ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் மூவர் இருப்பார்கள். ஓராண்டுக்குள் முடியாவிட்டால் விசாரணை இந்திய பார் கவுன்சிலுக்குப் போய்விடும். உத்தரவு பிடிக்காவிட்டால் மேல்முறையீட்டுக்கு 60 நாள்.

கண்டனம், தொழில் செய்யத் தற்காலிகத் தடை, வக்கீல் பட்டியலிலிருந்து பெயர் நீக்கம் இவைதான் அங்கே கிடைக்கும் தண்டனை. கொடுத்த ஃபீஸைத் திரும்பப் பெற நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது, உச்ச நீதிமன்றத்தின் 2024 மே 14 தீர்ப்போடு அந்த வழி அடைபட்டது. சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும், அதனால் ரசீதுகளைத் தொலைத்துவிடாதீர்கள்.