1970 செவெல் எஸ்எஸ் 396, துருப்பிடித்த நிலையில் 28,000 டாலர்: வாங்கி ரெஸ்டோர் செய்யலாமா?

கராஜ்வாசி:
வணக்கம். டெட்ராய்ட் புறநகரில் இருக்கிறேன். அடுத்த தெருவில் ஒரு பெரியவர் வீட்டு கராஜில் 1970 செவ்ரோலே செவெல் எஸ்எஸ் 396 (எஸ்எஸ் என்றால் சூப்பர் ஸ்போர்ட், 396 என்பது கன அங்குலத்தில் என்ஜின் அளவு) பல வருடமாக ஓடாமல் நிற்கிறது, 28,000 டாலர் கேட்கிறார். என்ஜின் கையால் சுற்றினால் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. டிக்கியின் தரையில் ஓட்டை, பின்சக்கரங்களுக்குப் பின்னால் தகரம் உதிர்கிறது. ஒரு ஷாப்பில் படங்களைக் காட்டினேன், முழுதாகச் செய்ய 90,000 டாலரில் ஆரம்பிக்கும் என்கிறார்கள். உண்மையிலேயே இவ்வளவு ஆகுமா? ஏலத்தில் 1970 செவெல் ஒரு லட்சத்தைத் தாண்டிப் போவதைப் பார்த்துத்தான் ஆசை வந்தது. லாபம் வேண்டாம், போட்ட பணம் முழுகாமல் இருந்தால் போதும். ஆகஸ்டில் உட்வார்ட் ட்ரீம் க்ரூஸ் என்ற பழைய கார் ஊர்வலத்தில் என் வண்டியை நானே ஓட்டிப் போக வேண்டும், அதுதான் ஆசை.

பிக்பிளாக்:
நீங்கள் பார்த்த ஏல விலை பெரும்பாலும் எல்எஸ்6 என்ற 454 கன அங்குல என்ஜின் வைத்த வண்டியுடையதாக இருக்கும். நடுத்தர அளவு கார்களில் 400 கன அங்குலத்துக்கு மேல் என்ஜின் வைக்கக் கூடாது என்ற தடையை செவ்ரோலேவின் தாய் நிறுவனமான ஜிஎம் 1970 மாடலுக்குத்தான் எடுத்தது, உடனே செவ்ரோலே 454ஐ இறக்கி 450 குதிரைத்திறன் என்று எழுதியது. அடுத்த வருடமே ஈயம் குறைந்த பெட்ரோலுக்காக கம்ப்ரஷனைக் குறைத்துவிட்டார்கள். ஒரே வருடம், நாலாயிரத்துச் சொச்சம் வண்டி, அதனால்தான் அந்த விலை. உங்களுடையது 396 (1970ல் அது உண்மையில் 402, பேட்ஜை மட்டும் மாற்றவில்லை). நன்றாக முடித்த ஒன்று பொதுவாக 50,000 முதல் 70,000 வரைதான் போகும். ஷாப் சொன்ன தொகையோடு 28,000ஐக் கூட்டிப் பாருங்கள்.

அதற்கும் முன்னால் ஒன்று. அது எஸ்எஸ் என்று யார் சொன்னது? 1970 செவெலில் வின் நம்பரை (வண்டியின் அடையாள எண்) வைத்து எஸ்எஸ்ஸைக் கண்டுபிடிக்க முடியாது. கூபே என்றால் 13637 என்று ஆரம்பிக்கும், எஸ்எஸ் இல்லாத சாதாரண செவெலான வி8 மாலிபு கூபேக்கும் அதேதான். பானெட், பேட்ஜ், கிரில் எல்லாம் கேட்லாக்கில் கிடைக்கிறது, சாதாரண மாலிபுவை எஸ்எஸ் ஆக்கி விற்றவர்கள் ஏராளம். ஆலையில் வண்டியோடு வந்த பில்ட் ஷீட் (என்னென்ன பொருத்த வேண்டும் என்று எழுதிய தாள்) வேண்டும். பல வண்டிகளில் அது பெட்ரோல் டேங்கின் மேல்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும், சிலவற்றில் பின்சீட் ஸ்பிரிங்கில் செருகியிருக்கும். போன்டியாக் என்றால் பிஎச்எஸ், ஃபோர்டு என்றால் மார்ட்டி ரிப்போர்ட் என்று ஆலைப் பதிவு விவரத்தைப் பணம் கட்டி வாங்கலாம். செவ்ரோலேவுக்கு அந்த வசதி இல்லை, கனடாவில் புதிதாக விற்ற வண்டிக்கு மட்டும் ஜிஎம் கனடாவிடம் பதிவு கிடைக்கும்.

என்ஜினையும் பாருங்கள். வலது சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் பிளாக்கில் ஒரு சின்ன மேடை இருக்கும், அதில் வின்னின் கடைசிப் பகுதி குத்தியிருக்க வேண்டும். மேடையில் ஆலை இயந்திரம் விட்ட மெல்லிய நேர்க்கோடுகள் தெரியாமல் வழவழவென்று இருந்தால் யாரோ சீவிவிட்டுப் புதிதாக எண் குத்தியிருக்கலாம்.

ஸ்பானர்:
டிங்கரிங் பக்கம் நான் சொல்கிறேன், இதே வேலையில்தான் இருக்கிறேன். 90,000 ஏமாற்று இல்லை. ஷாப்பில் மணிக்கு 100 டாலருக்குக் குறைந்து இன்று கிடைப்பது அரிது, முழு ரெஸ்டோரேஷன் என்றால் ஆயிரம் மணி நேரம் சுலபமாகப் போகும். உதிரிபாகம் இதில் சின்னச் செலவுதான். செவெலுக்குத் தரைத்தகடு, டிக்கித் தரை, குவார்ட்டர் பேனல் (பின்சக்கரத்தைச் சுற்றிய பக்கத் தகடு) எல்லாம் புதிதாக அச்சடித்துக் கிடைக்கிறது. அதை வெட்டி, பொருத்தி, வெல்ட் பண்ணி, கதவு இடைவெளி ஒரே சீராக வரும்வரை திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டுவதில்தான் பணம் கரைகிறது. பாடியும் பெயிண்டும் சேர்ந்தே பாதிக்கு மேல் தின்றுவிடும். பிக் பிளாக் (இந்தப் பெரிய வி8 என்ஜின்) ரீபில்டுக்கு 8,000லிருந்து 12,000 வையுங்கள்.

மாலிபுவாக இருந்தாலும் எல்எஸ்6ஆக இருந்தாலும் வெல்டிங்குக்கு ஒரே கூலிதான், அதை மறக்காதீர்கள்.

மிச்சிகன் வண்டி என்பதால் ரோட்டு உப்பு உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். பின் கண்ணாடியின் கீழ் மூலைகளில் துரு இருந்தால் அந்தத் தண்ணீர்தான் டிக்கியில் இறங்கியிருக்கும். காந்தம் கொண்டுபோங்கள், ஒட்டாத இடத்தில் உள்ளே துருவை மறைத்துப் பூசிய பட்டிதான். அப்புறம் கீழே படுத்து, பின்சக்கரப் பக்கம் சேசியை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் அந்த விலைக்கு வேண்டாம்.

அரிசோனாக்காரன்:
இவ்வளவும் எதற்கு? வேறொருவர் ஒரு லட்சம் செலவழித்து முடித்த வண்டியை 60,000க்கு வாங்குங்கள், நஷ்டம் அவரோடு போகட்டும். எங்கள் பக்கம் காற்றே காய்ந்து கிடப்பதால் தகரம் தப்பித்துவிடுகிறது. வெயிலில் டேஷ்போர்டும் சீட்டும் வெடித்திருக்கும்தான், அவற்றை மாற்றுவது வெல்டிங்கோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. வாங்குவதற்கு முன் விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒருவரை வைத்து லிஃப்டில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், ஏலத்தின் விளக்கு வெளிச்சத்தில் எல்லா பெயிண்டும் அழகுதான்.

பிக்பிளாக்:
பணக்கணக்கில் அவர் சொல்வது சரி. ஆனால் எஸ்எஸ் என்று காகிதம் கிடைத்து, சேசியும் கெட்டியாக இருந்தால் மூன்றாவது வழி இருக்கிறது. பெயிண்டைத் தொடாதீர்கள். பிரேக், பெட்ரோல் லைன், டேங்க், கார்புரேட்டர், டயர், வயரிங் மட்டும் சரி செய்து ஓட்டுங்கள். 10,000 டாலருக்குள் முடிக்கலாம், பெரும்பாலான வேலையை வீட்டிலேயே செய்யலாம். இந்த என்ஜினில் ஃப்ளாட் டாப்பெட் கேம் (உருளை இல்லாமல் நேரடியாக உரசும் வகை), அதனால் துத்தநாகச் சேர்மானம் உள்ள ஆயிலே ஊற்றுங்கள், இல்லையென்றால் கேம் தேய்ந்துவிடும். இன்சூரன்ஸ் எடுக்கும்போது ‘அக்ரீட் வேல்யூ’ (முன்பே பேசி ஒப்புக்கொண்ட தொகையைத் தருவது) பாலிசியா என்று கேட்டு எடுங்கள், சாதாரண பாலிசியில் பழைய காருக்குத் தேய்மானம் கழித்துத்தான் கொடுப்பார்கள். ஆலை பெயிண்ட் மங்கிப்போய் அப்படியே ஓடுகிற 396ஐப் பார்த்தால் எனக்குப் புது பெயிண்ட் அடித்த வண்டியைவிட மனசு நிறையும்.

கராஜ்வாசி:
எல்லோருக்கும் நன்றி. பெரியவரிடம் பேசினேன், பில்ட் ஷீட் பற்றி அவருக்குத் தெரியவில்லை, டேங்கை இறக்கிப் பார்க்கத் தடையில்லை என்றார். சனிக்கிழமை ஜாக்கி, காந்தம், ஸ்க்ரூடிரைவரோடு போகிறேன். காகிதம் இல்லாவிட்டால் மாலிபு விலைதான் என்று இப்போதே அவரிடம் சொல்லிவிட்டேன்.

ஸ்பானர்:
டேங்கில் பழைய பெட்ரோல் இருந்தால் முதலில் முழுதாக வடித்துவிடுங்கள், பேட்டரி ஒயரையும் கழற்றிவிடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்ட் போடுங்கள். காகிதம் கிடைத்தால் இழுத்துப் பிய்க்காமல், முதலில் இருந்த இடத்திலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.