மொறிஸ் மைனர் முன்பக்க வேலை: அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கோ

வணக்கம். யாழ்ப்பாணத்தில் அப்பாவின் 1964 மொறிஸ் மைனர் காரைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் வள்ளம் மாதிரி ஆடுகிறது. ஆட்டத்தை அடக்கும் லீவர் (கை வைத்த) ஷொக் அப்சோபர் இரண்டிலும் எண்ணெய் கசிவு. அதன் கைதான் சில்லைப் பிடிக்கும் மேல் ஆர்மாகவும் வேலை செய்வதால் சும்மா கழற்றி எறியவும் முடியாது. அதற்குப் பதிலாக டெலஸ்கோபிக் (குழாய் வடிவ) ஷொக் அப்சோபர் கிட் போட்டவர்கள் இருக்கிறீர்களா? அல்லது பழையதையே திருத்திப் போடுவது நல்லதா?

கீழ் ட்ரனியனின் (சில்லைத் தாங்கித் திரும்பவிடும் கீழ் மூட்டு) மரையும் தேய்ந்துவிட்டது. அது கழன்றால் சில்லே மடிந்துவிடும், அதனால் முதலில் அதைத்தான் மாற்றப்போகிறேன், அதில் பேச்சில்லை.

பிறகு ஸ்டியரிங். ராக் அண்ட் பினியன் (பற்சட்டமும் பற்சில்லும்) வகைதான், ஆனாலும் இரண்டு அங்குலம் சும்மா சுற்றுகிறது. ராக்கையே மாற்றுவதா, ராக்கைச் சில்லோடு இணைக்கும் டை ரொட் முனைகளை மட்டும் மாற்றிப் பார்ப்பதா? டோர்ஷன் பாரில் (ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுகு கம்பி) கைவைக்க உண்மையில் பயம். அதில் முன்பக்க உயரம் சரிசெய்தவர்கள் எப்படிச் செய்தீர்கள்?