வெளியூர் போனா படம் வரைய வருமா?

நான் வாட்டர்கலர் பண்றேன், ரெண்டு வருஷமா ஒரே மாதிரி தான் வருது, அதான் சேத்து வச்ச காசுல வெளிநாடு ஒரு பதினஞ்சு நாள் போலாம்னு பாக்குறேன். வீட்ல எல்லாரும் வீண் செலவுங்கறாங்க. நெஜமாவே ஏதாவது மாறுமா?

பதில் 1:
ஓவியர் பால் க்ளே 1914 ஏப்ரல்ல வட ஆப்பிரிக்காவுல இருக்கற துனிசியா போனது ஏறக்குறைய உங்க கணக்கு தான், ரெண்டு வாரம். அதுவரைக்கும் பெரும்பாலும் கருப்பு வெள்ளை கோட்டோவியம் தான், நிறம் அவருக்கு அவ்வளவா பிடிபடல. கைருவான் ஊருக்கு வந்ததும் டைரில நிறமும் நானும் ஒண்ணு, நான் ஓவியன்னு எழுதிட்டாரு. அங்க அவர் வரைஞ்ச படத்துல வெள்ளை வீடு, குவிமாடம் எல்லாம் சின்னச் சின்ன கட்டமா, ஒண்ணு மேல ஒண்ணு நிறம் கசிஞ்சு நிக்கும், பாருங்க. கூடப் போன ஓவியர் மாக்கே பாவம், அதே வருஷம் செப்டம்பர்ல முதல் உலகப் போர்ல செத்துட்டாரு.

பதில் 2:
போனவுடனே மாறும்னு நம்பாதீங்க சார். பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1912ல மொராக்கோவோட டாஞ்சியர் ஊருக்குப் போனப்ப நாள்கணக்கா மழை, ஓட்டல் ரூம்லயே உக்காந்து குவளைல இருந்த ஐரிஸ் பூவைத்தான் வரைஞ்சாரு 😄

பதில் 3:
கேமராவ நம்பாம நோட்டு எடுத்துட்டு போங்க. பிரெஞ்சு ஓவியர் தெலாக்ருவா 1832ல மொராக்கோல கிடைச்ச நேரமெல்லாம் கிறுக்குனாரு, படம் பக்கத்துலயே எந்த இடத்துல என்ன நிறம்னு எழுதி வச்சுகிட்டாரு. ஊருக்குத் திரும்பி முப்பது வருஷம் அதுலருந்து தான் எடுத்து எடுத்து வரைஞ்சாரு.

கேட்டவர்:
சரி, நோட்டு வாங்கியாச்சு. குடையும் வாங்கிடறேன்.