வேலூர்ப் பக்கம் நம்ம வளர்ப்பு முறைக்கு ஒத்துப்போகிற குழந்தை டாக்டர் இருக்கிறாரா?

காட்பாடி கயல்:
பெங்களூரை விட்டு இப்போதுதான் காட்பாடிக்கு வந்திருக்கிறோம். மகளுக்கு 5 மாதம், தாய்ப்பால் மட்டும்தான். ராத்திரி என் பக்கத்திலேயே படுக்கிறாள், அழுதால் தூக்கிவிடுவேன். லேசான சளி என்று ஒரு கிளினிக்குப் போனோம். எடை மெஷினில் போட்டார்கள், 6.1 காட்டியது. டாக்டர் நிமிராமலே "பால் பத்தலை, பவுடர் பால் ஆரம்பிச்சிடுங்க" என்று எழுதிவிட்டார். பிறந்தபோது 2.8 என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாகிவிட்டது. போகும்போது "தூக்கித் தூக்கிப் பழக்காதீங்க" என்று ஓர் உபதேசம் வேறு. தாய்ப்பாலையும் தூக்கி வளர்ப்பதையும் மதிக்கிற டாக்டர் சத்துவாச்சாரி, காந்தி நகர்ப் பக்கம் யாராவது உண்டா? பெயரைத் தனிச்செய்தியில் அனுப்பினால் போதும்.

ஆற்காடு அரசு:
மேடம், கோபப்படாதீங்க. டாக்டரிடம் போவது வைத்தியத்துக்கு. குழந்தையைத் தூக்கலாமா, எங்கே படுக்க வைப்பது என்பதெல்லாம் நம் வீட்டு விவகாரம், அதில் அவர் சொல்வதை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடலாம். ஒத்த கருத்துள்ள டாக்டர்தான் வேண்டும் என்று தேடினால் தலையாட்டி ஒருவர்தான் கிடைப்பார். என் பையனுக்கு மூச்சு இரைத்தபோது பார்த்த டாக்டர் சிடுமூஞ்சி. ஸ்டெதாஸ்கோப்பை வைத்ததுமே "இங்க வேலைக்காகாது, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு" என்று விரட்டினார். அந்த விரட்டலில்தான் பையன் பிழைத்தான். எனக்கு அந்த ஆளே போதும்.

பாகாயம் நர்ஸ்:
அரசு தம்பி, இங்கே பிரச்சினை டாக்டர் சிரித்தாரா இல்லையா என்பது இல்லை. எடையைப் பார்த்தார், வரைபடத்தைப் பார்க்கவில்லை.

கயல், பிறந்த எடை ஏறக்குறைய 5 மாதத்தில் இரண்டு மடங்காகும், ஒரு வயதில் மூன்று மடங்கு. உங்க பாப்பா 2.8-இல் இருந்து 6.1 வந்திருக்கிறாள், இரண்டு மடங்கைத் தாண்டியாயிற்று. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி வரைபடத்தில் 5 மாதப் பெண் குழந்தைக்கு நடுக்கோடு 6.9 கிலோ. 5.4-க்குக் கீழே போனால்தான் குறை எடைக் கணக்கு. இவள் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறாள். கர்ப்பத்தின்போது கொடுத்த தாய் சேய் அட்டையில் இந்த வரைபடம் இருக்கும். மாதா மாதம் புள்ளி வைத்துப் பாருங்கள். கோடு ஏறிக்கொண்டே போனால், நடுக்கோட்டுக்குக் கீழே இருந்தாலும் பயமில்லை. படுத்துவிட்டாலோ இறங்கினாலோதான் விசாரிக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் மூத்திரம் போகிறாளா என்பதையும் கவனியுங்கள். அடுத்த முறை அட்டையைக் கையிலேயே எடுத்துப் போய் "கோட்டில் எங்கே இருக்கிறாள், டாக்டர்?" என்று கேளுங்கள். அதற்கு எரிந்து விழுந்தால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியதுதான். எரிந்து விழாமல் புள்ளி வைத்துக் காட்டி, "போன மாதத்தில் இருந்து ஏறவே இல்லை பாரும்மா" என்றால் அதையும் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

இன்னொன்று. பவுடர் பால் கம்பெனி போஸ்டர் கிளினிக் சுவரில் தொங்கினால் உஷாராக இருங்கள். ஆஸ்பத்திரிகளில் அந்த விளம்பரம் கூடாது என்று 1992-லேயே சட்டம் வந்துவிட்டது.

பேரணாம்பட்டு பர்வீன்:
நர்ஸ் அக்கா, என் கதை நேர் எதிர். ஷூ கம்பெனியில் தையல் வேலை. பிரசவத்துக்கு 26 வார லீவு என்று 2017-இல் சட்டத்தைத் திருத்தினார்கள், பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவளுக்கு அது எங்கே வரப்போகிறது? பாலைப் பிழிந்து வைத்துவிட்டுப் போகலாம் என்றால், மே மாத வெயிலில் ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் எத்தனை நேரம் தாங்கும்? பவுடர் பால்தான் கொடுத்தேன். தாய்ப்பாலுக்குப் பேர்போன ஒரு டாக்டர் அம்மாவிடம் போனேன். "அம்மாவா நீ?" என்கிற மாதிரி ஒரு பார்வை. கயலக்கா தேடுகிற டாக்டர் அந்த அம்மாவாகத்தான் இருக்கும், தாராளமாகப் போங்கள். எனக்கு வேண்டியது பவுடரை எத்தனை தண்ணீரில் கலக்கணும், பாட்டிலை எப்படிக் கொதிக்க வைக்கணும் என்று முகம் சுளிக்காமல் சொல்லித் தருகிற ஆள்.

ஒடுக்கத்தூர் மலைக்காரன்:
உங்களுக்கெல்லாம் டாக்டரை மாற்றுவதே கவலை. எங்கள் ஊரில் ஆரம்ப சுகாதார நிலையம், புதன்கிழமை ஊசி, அங்கே யார் இருக்கிறாரோ அவர்தான் டாக்டர். ராத்திரியில் குழந்தைக்கு உடம்பு தூக்கிப் போட்டால் அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வண்டிதான் தேடணும். டாக்டரின் கொள்கையைத் தேட நேரமில்லை.

தோட்டப்பாளையம் தாத்தா:
இன்னாம்மா இது, ஒரு சளிக்கு இவ்ளோ பஞ்சாயத்தா? வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய் இழைச்சு உரை மருந்து நாக்குல தடவு. பால் செரிக்கலன்னா தொக்கம் எடுக்கிற அம்மா அணைக்கட்டுல இருக்கு.

பாகாயம் நர்ஸ்:
தாத்தா, 6 மாதம் வரைக்கும் தாய்ப்பாலைத் தவிரத் தண்ணீர்கூட வேண்டாம் என்கிறார்கள், நீங்கள் கல்லில் இழைத்ததைத் தடவச் சொல்கிறீர்கள். அந்தக் கல்லைக் கடைசியாக எப்போது கழுவினார்கள்? தொக்கம் என்று குழாயை வைத்து ஊதி உறிஞ்சுவது இன்னும் மோசம். உங்களுக்குப் பேரப்பிள்ளை மேல் ஆசை இருந்தால் எண்ணெய் தேய்த்துக் கால் பிடித்துவிடுங்கள். மூக்கில் மட்டும் எண்ணெய் விடாதீர்கள்.

இயற்கை வழி குமரன்:
கயல் சகோ, நீங்களும் நம்ம பக்கம்தான் போலிருக்கிறது. தடுப்பூசியை இரண்டு வயதுக்குத் தள்ளிப் போட ஒத்துக்கொள்ளும் டாக்டர் யாராவது கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள்.

காட்பாடி கயல்:
உங்கள் பக்கம் இல்லை சார், ஆளை விடுங்கள். அவளுக்கு எல்லா ஊசியும் தேதி தவறாமல் போட்டாகிவிட்டது.

ஆற்காடு அரசு:
பார்த்தீர்களா? "நம்ம முறை" என்று ஆரம்பித்தால் இவரும் அதே வரிசையில் வந்து நிற்கிறார். கக்குவான் இருமல் ஆளையே எடுப்பது முதல் சில மாதங்களில்தான், இரண்டு வயதுக்கு ஊசியைத் தள்ளிப் போட்டு என்ன பயன்? அதுவும் எந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு! வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டாவேக் சொட்டு மருந்தை டெல்லி, புனே, வேலூர் என்று மூன்று இடத்தில்தான் 6,799 குழந்தைகளை வைத்துச் சோதித்தார்கள். 2014-இல் முடிவு வெளிவந்தது. நம் ஊர்க் குழந்தைகள் அதில் இருக்கிறார்கள்.

மூக்கு ஒழுகினால் உடனே சிரப் எழுதணும் என்பதும் ஒரு வளர்ப்பு முறைதான். அதற்கு ஒத்துப்போகும் டாக்டர் தெருவுக்குத் தெரு இருக்கிறார். 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் கெட்டுச் செத்தார்கள். மருந்து தயாரானது பக்கத்தில், காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான். வெறும் சளிக்கு அந்தக் குழந்தைகளுக்கு சிரப் எதற்கு? பெற்றவர் கேட்கிறார், டாக்டர் எழுதுகிறார்.

காட்பாடி கயல்:
சரி, இது ஒத்துக்கொள்ளக்கூடிய வாதம். ஆனால் குமரன் கேட்பதும் நான் கேட்பதும் ஒன்றா? ஊசியைத் தள்ளிப் போட்டால் குழந்தைக்கு நோய் வரும். பக்கத்தில் படுக்க வைப்பதில் அப்படி என்ன? ஆபத்து என்றால் காரணத்தோடு சொல்லட்டும், மாற்றிக்கொள்கிறேன். "பழக்காதீங்க" என்பது அவர் பாட்டி சொன்னது, மருத்துவக் கல்லூரியில் படித்தது இல்லை.

பாகாயம் நர்ஸ்:
பக்கத்தில் படுக்க வைப்பதிலும் ஆபத்து உண்டும்மா, அதைச் சொல்லாமல் விட்டது அவர் குறை. வீட்டில் குடிக்கிறவரோ பீடி சிகரெட் பிடிப்பவரோ இருந்தால் ஒரே படுக்கை கூடாது. மெத்து மெத்தென்ற மெத்தை, தலையணை, கனத்த போர்வை எதுவும் பாப்பா பக்கத்தில் வேண்டாம். மல்லாக்கப் படுக்க வையுங்கள். அதே அறையில் தனியாக ஒரு பாய் போட்டால் இன்னும் நல்லது.

ஆற்காடு அரசு:
இப்படி விளக்கிச் சொல்ல ஒரு டாக்டருக்கு மாலை ஓபியில் எத்தனை நிமிடம் கிடைக்கும் என்று நினைக்கிறீர்கள்? வெளியே ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நர்ஸிடம் கேளுங்கள், இந்த மாதிரிக் குழுவில் கேளுங்கள். டாக்டரை நோய்க்கு வைத்துக்கொள்ளுங்கள். என் கட்சி மாறவில்லை.

காட்பாடி கயல்:
நேரமில்லாதவர் பவுடர் பால் எழுத மட்டும் நேரம் கண்டுபிடித்தாரே சார்! போகட்டும். தனிச்செய்தியில் ஒரு பெயர் வந்திருக்கிறது, சத்துவாச்சாரி. அட்டையை வாங்கிப் புள்ளி வைத்துக் காட்டுவாராம், கூட்டம் அதிகமாம். பர்வீன், பவுடர் பால் கொடுக்கிற அம்மாக்களையும் திட்ட மாட்டார் என்று கேட்டுத்தான் சொல்கிறேன். பெயர் அனுப்பட்டுமா?

பேரணாம்பட்டு பர்வீன்:
அனுப்புங்கள் அக்கா. ஞாயிற்றுக்கிழமை பார்ப்பாரா? மற்ற நாளில் வந்தால் எனக்குக் கூலி போய்விடும்.