லாக்கர் சாவியைப் பத்திரமாக வைத்துவிட்டேன். எங்கே?

பழைய ஆபரேட்டர்:

வணக்கம். வயது 68. தொலைபேசி இலாகாவில் நாற்பது வருஷம் குப்பை கொட்டிவிட்டு 2018-ல் ஓய்வு பெற்றவள். கேள்வி சின்னதுதான். ஆனால் சுற்றி வளைத்துத்தான் கேட்க வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வங்கி லாக்கர் சாவியைக் காணோம். தொலையவில்லை, பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன். எங்கே என்பதுதான் தெரியவில்லை. "நீ எதையும் தொலைக்க மாட்டே, பத்திரப்படுத்திடுவே. தொலைச்சாலாவது என்னிக்காவது கிடைக்கும்" என்கிறார் வீட்டுக்காரர்.

நாலு நாளாகத் தேடுகிறேன். அரிசி டிரம்மில் முழங்கை வரை கையை விட்டாயிற்று. துவரம்பருப்பு டப்பாவை முறத்தில் கொட்டிப் பார்த்தாயிற்று. பூஜை அலமாரி, தலையணை உறை, பட்டுப்புடவை மடிப்பு, பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் எதுவும் பாக்கி இல்லை. போன வருஷம் காணாமல் போன தோட்டுத் திருகாணி கிடைத்தது. அவருடைய பழைய பல் செட் கிடைத்தது. சாவி மட்டும் இல்லை. தை மாதம் நாத்தனார் பேத்தி கல்யாணம். வெறும் கழுத்தோடு போய் நிற்க முடியுமா?

இதில் ஒரு வேடிக்கை. நான் 1978-ல் கீழத்தஞ்சையில் ஒரு சின்ன எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். மேக்னெட்டோ போர்டு. சந்தாதாரர் வீட்டில் கைப்பிடியைச் சுற்றினால் இங்கே அவர் எண்ணுக்கு மேலே உள்ள தகடு 'டொக்' என்று கீழே விழும். கார்டை, அதாவது முனையில் பிளக் உள்ள ஒயரை, சொருகி "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்க வேண்டும். பாதிப் பேர் நம்பரே சொல்ல மாட்டார்கள். "மரக்கடைக்குக் குடும்மா" என்பார்கள். மரக்கடை 17, ரைஸ்மில் 42, டாக்டர் வீடு 6, டூரிங் கொட்டகை 88. இன்றைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். 1987 டிசம்பர் 24 காலை ஆறு மணி டூட்டிக்குள் நுழைகிறேன், போர்டில் பாதித் தகடு விழுந்து கிடக்கிறது. எம்.ஜி.ஆர். போய்விட்டார், நிஜமா என்று கேட்டு ஊரே கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தது. அன்றைக்கு முதல் கார்டை எந்த எண்ணில் சொருகினேன் என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. 31, ஜவுளிக்கடை. ஆனால் மூன்று மாதம் முன்னால் நானே என் கையால் வைத்த சாவி?

போன வாரம் மொட்டை மாடிக்குக் காய வைத்த வடாமை எடுக்கப் போனேன். கொடியில் கிடந்த துணியையெல்லாம் மடித்து எடுத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். வடாமைக் காக்காய்தான் ஞாபகமாக எடுத்துக்கொண்டது.

பையன் "எதுக்கும் ஒரு டாக்டரைப் பாத்துடும்மா" என்கிறான். அந்த 'எதுக்கும்' என்கிற வார்த்தைதான் இரண்டு நாளாக நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. இது வயசா, வியாதியா? உங்களுக்கும் இப்படி உண்டா? முக்கியமாக, சாவியை எப்படிக் கண்டுபிடிப்பது?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பதினோரு வருஷமாக எங்கள் வீட்டில் வேலை செய்கிற பெண்ணிடம் "நீ எங்கேயாவது பாத்தியா?" என்று கேட்டேன். இல்லை என்றாள். மறுநாளும் கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து இரண்டு நாளாக அவள் வரவில்லை.

வைகைக்கரை:

யக்கா, எனக்கு எழுபத்திரெண்டு. பஸ்ஸுல கண்டக்டரா இருந்தவன். உங்க கதைக்கு என் கதை அண்ணன்.

ரெண்டு வருசத்துக்கு முந்தி டிவிஎஸ் 50-ய எடுத்துக்கிட்டு மார்க்கெட்டுக்குப் போனேன். கத்திரிக்கா, கீரை, அரைக்கிலோ சின்ன வெங்காயம் வாங்கி, பைய வண்டி ஹேண்டில்ல மாட்டுனேன். அங்கன ஒரு பழைய டிரைவரப் பாத்தேன். டீ குடிச்சோம், பேசிக்கிட்டே நடந்தோம், பஸ் வந்துச்சு, ஏறிட்டேன். முப்பது வருசம் பஸ்ஸுல ஏறுன காலு, அதுபாட்டுக்கு ஏறிருச்சு. மறுநா காலையில வாசல்ல பாத்தா வண்டியக் காணோம். திருடு போச்சுண்டு நேரா ஸ்டேசனுக்கே போயிட்டேன். அந்த ஏட்டு சின்னப் பய. "கடைசியா எப்ப ஓட்டுனீங்க?"ண்டு கேட்டாரு. மார்க்கெட்டுக்குண்டேன். "திரும்பி எதுல வந்தீங்க?" அப்பத்தான் எனக்கு விசயமே வெளங்குச்சு. எழுதுன பேப்பர மெதுவா மடிச்சுச் சட்டப் பையில வச்சுக்கிட்டு எந்திரிச்சேன். வண்டி போட்ட எடத்துலயே நின்னுச்சு. கீரை மட்டும் வாடிப் போச்சு.

இதெல்லாம் வியாதின்னா நம்ம தெருவையே ஆஸ்பத்திரியில படுக்கப் போடணும். பயப்படாதீக.

கோவை மருமகள்:

அம்மா, முதல்ல வங்கிக்குப் போய் சாவியைக் காணோம்னு எழுத்துல கொடுத்துடுங்க. நிறைய பேர் அவங்ககிட்ட மாற்றுச்சாவி இருக்கும்னு நினைக்கறாங்க. கிடையாது. அவங்ககிட்ட இருக்கிறது மாஸ்டர் சாவி. அதோட உங்க சாவியும் சேர்ந்தாத்தான் திறக்கும். கிடைக்கலைன்னா லாக்கர் செய்யற கம்பெனி ஆளை வரவழைச்சு, உங்க முன்னாடியே உடைச்சுப் புதுப் பூட்டு போடுவாங்க. செலவு நம்ம தலையிலதான். ஆளு வர நாளாகும், கல்யாணத் தேதியைப் பார்த்துக்கோங்க.

அப்புறம் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. எங்க மாமியாரும் இதே மாதிரி ஒரு மோதிரத்துக்காக ஒரு அக்காவைக் கேட்டாங்க. மோதிரம் சோப்பு டப்பாவுல இருந்துச்சு. அந்த அக்கா திரும்ப வரவே இல்லை. சாவி கிடைக்கற வரைக்கும் காத்திருக்காம இப்பவே அவங்க வீட்டுக்குப் போயிட்டு வாங்க.

நர்ஸக்கா:

அரசு மருத்துவமனையில் முப்பத்து நாலு வருஷம் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். நேரில் பார்க்காமல் யாருக்கும் எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது, இருந்தாலும்.

மரக்கடை 17 என்பதை நீங்கள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்? அதுவும் இருபது வயதில். அது கல்லில் வெட்டினது. சாவியை வைத்தது ஒரே ஒரு தடவை, அதுவும் மனசு வேறு எங்கேயோ இருந்தபோது. பதிந்ததுதானே மறக்கும்? இது பதியவே இல்லை.

வடாம் எடுக்கப் போய்த் துணியோடு வருவதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். தினமும் போகும் மளிகைக் கடையிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பது, இத்தனை வருஷம் வைத்த குழம்புக்கு எதற்கு அப்புறம் எது என்று குழம்புவது, கேட்ட கேள்வியையே பத்து நிமிஷத்தில் மறுபடி மறுபடி கேட்பது, அதைக் கேட்டோம் என்பதே தெரியாமல் இருப்பது. இவை இருந்தால் தாமதிக்காமல் காட்ட வேண்டும். அதைப் பெரும்பாலும் நாமே கவனிப்பதில்லை, கூட இருப்பவர்கள்தான் கவனிப்பார்கள். அதனால் பையன் சொன்னதைக் குத்தலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு தடவை ரத்தம் கொடுத்துப் பாருங்கள். பி12 வைட்டமின், தைராய்டு இரண்டில் எது குறைந்தாலும் மறதி வரும், சரிசெய்யவும் முடியும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் போடுகிறவர்களுக்கு பி12 குறைவது சகஜம். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் கேட்டு வாங்கும் தூக்கம் வரும் மாத்திரைகளும் இந்த வயதில் மூளையை மந்தமாக்கும். காதையும் பாருங்கள், நாற்பது வருஷம் ஹெட்செட் மாட்டிய காது. சரியாகக் காதில் விழாததையும் நாம் 'மறந்துவிட்டேன்' கணக்கில்தான் எழுதிக்கொள்கிறோம்.

நெல்லை போர்டு:

அக்கா, நானும் அதே இலாகாதான். வெளியூர்க் கால் போடுத ட்ரங்க் போர்டுல இருந்தவன். கேக்க வேண்டிய ஆள்கிட்டதான் கேட்டிருக்கீங்க.

அரிசி டிரம்முல தேடுனா கிடைக்காது. டிக்கெட் போடுங்க. ட்ரங்க் கால் புக் பண்ணினா நாம என்ன செய்வோம்? எந்த நம்பர், எந்த ஊர், எத்தன மணிக்கு புக் ஆச்சு, எப்ப கனெக்ட் ஆச்சு, எப்ப கட் ஆச்சுன்னு ஒரு சீட்டுல எழுதுவோம்லா? சாவிக்கும் அதே மாதிரி எழுதுங்க. கடைசியா அது எப்ப உங்க கையில இருந்துச்சு? எந்த நேரம் வரைக்கும்? அந்த நேரத்துல வீட்டுல என்ன வேலை நடந்துச்சு? எடத்த விட்டுட்டு நேரத்தத் தேடுங்க.

(அர்ஜென்ட் காலுக்கு ரெண்டு மடங்கு, லைட்னிங் காலுக்கு எட்டு மடங்கு வாங்குவோம். இது லைட்னிங் பதில், காசு வேண்டாம்.)

பழைய ஆபரேட்டர்:

கிடைத்துவிட்டது!

நெல்லைத் தம்பி, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். நேற்று காலை ஒரு பழைய காலண்டர் தாளைக் கிழித்து டிக்கெட் போட்டேன். வங்கிக்குப் போன் செய்து லாக்கர் பதிவேட்டில் என் கடைசிக் கையெழுத்து என்றைக்கு என்று கேட்டேன். அக்டோபர் 3, வெள்ளிக்கிழமை, காலை 11.20. நவராத்திரிக்குப் போட்ட நகையைத் திரும்ப வைத்த நாள். வியாழக்கிழமை விஜயதசமியும் காந்தி ஜெயந்தியும் ஒன்றாக வந்து வங்கி விடுமுறை, அதனால்தான் வெள்ளி. ஞாயிறு காலை பெண் வீட்டுக்கு ரயில். ஆக, வெள்ளி மத்தியானத்திலிருந்து ஞாயிறு விடியற்காலைக்குள் ஒளித்திருக்க வேண்டும். அடுத்த தெருவில் பூட்டின வீட்டில் திருட்டு என்று அந்த வாரம்தான் பேச்சு.

சனிக்கிழமை என்ன செய்தேன்? வெள்ளிக்கிழமை கொலு பொம்மையைக் கட்டி வைக்க மாட்டேன் என்று சனிக்கிழமைக்குத் தள்ளி வைத்திருந்தேன். 'பொம்மை' என்று எழுதினேனோ இல்லையோ, கையில் பேனா நின்றுவிட்டது.

எதிர் வீட்டுப் பையனைக் கூப்பிட்டுப் பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கினோம். பழைய வேட்டிக் கிழிசலில் சுற்றி வைத்திருந்த செட்டியாரை எடுத்துக் குலுக்கினேன். கலகல என்றது. எங்கள் செட்டியார் மண் பொம்மை, உள்ளே கூடு, அடியில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஓட்டை. அதில் துணியை வைத்து அடைத்திருந்தேன். மளிகைக் கடை வைத்திருக்கிறவர், கணக்காக இருப்பார் என்று நினைத்திருப்பேன் போல. அடுத்த நவராத்திரி வரைக்கும் யாருக்கும் கொடுத்திருக்க மாட்டார். அவரை எடுக்கிற அவசரத்தில் செட்டியாரம்மாவின் கழுத்துதான் போய்விட்டது. அறுபது வருஷத்துப் பொம்மை, அம்மா சீராகக் கொடுத்தது. ஃபெவிகால் போட்டு ஒட்டியிருக்கிறேன், கொஞ்சம் சாய்ந்து பார்க்கிறாள்.

கோவைப் பெண்ணே, நீ சொன்னது சுருக்கென்றது. ஆனால் நீ சொன்ன அன்றைக்கே போகவில்லை. சாவி கிடைத்த பிறகுதான் போனேன், அதை மறைக்கவில்லை. வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. சொன்னேன். கேட்டுக்கொண்டே சாம்பலை வழித்துக் கழுவினாள். "செட்டியார ரெண்டு தடவ கேட்டீங்களாம்மா?" என்றாள். பதில் சொல்ல வாய் வரவில்லை. இன்று காலை வந்தாள். காபி கொடுத்தேன், ஆறின பிறகு குடித்தாள்.

நர்ஸக்கா, திங்கட்கிழமை ரத்தம் கொடுக்கப் போகிறேன். மெட்ஃபார்மின் ஒன்பது வருஷமாகப் போடுகிறேன், யாரும் இதைச் சொன்னதே இல்லை.

இப்போது புதுக் கேள்வி. கழுத்து உடைந்த செட்டியாரம்மாவின் வயிற்றுக்குள் மூன்று இரண்டாயிரம் ரூபாய் நோட்டுகள், ரப்பர் பேண்டு போட்டு. எப்போது வைத்தேன் என்று சத்தியமாகத் தெரியாது. இதற்கு டிக்கெட் போட்டும் பிரயோஜனம் இல்லை. இனி செல்லுமா?

நெல்லை போர்டு:

செல்லும் அக்கா. 2023 மே மாசம் ரிசர்வ் வங்கி திரும்பப் பெறுதோம்னு சொன்னாங்களே தவிர, செல்லாதுன்னு சொல்லல. ஆனா சாதா வங்கியில இப்ப வாங்க மாட்டாங்க, அது அந்த வருசம் அக்டோபரோட முடிஞ்சு போச்சு. சென்னை ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்குப் போகலாம். இல்லைன்னா தபால் ஆபீஸ் மூலமா அங்க அனுப்பினா உங்க கணக்குல வரவு வச்சிருவாங்க.

வைகைக்கரை:

யக்கா, தபாலாபீசுக்குப் போற வரைக்கும் அந்த நோட்டக் கையிலயே வச்சிருங்க. எங்கயும் பத்திரமா வச்சிராதீக.