291 படங்கள், பூஞ்சை பிடிக்குது: வழி சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். பொங்கல் அன்னைக்கு ஆரம்பிச்சேன், நாளுக்கு ஒரு வாட்டர்கலர் படம்னு, ஒரு வருஷத்துக்கு. நேத்தோட 291. வீடு மயிலாப்பூர்ல. தெப்பக்குளத்துப் படிக்கட்டு, பூக்காரம்மா கூடை, வாசல்ல வந்து நிக்கிற மாடுன்னு கண்ணுல பட்டதை வரையுறேன். காய்ச்சலா கிடந்த அன்னைக்கும் மாத்திரை அட்டையை வரைஞ்சேன், ஒரு நாளும் விடலை.

முதல் மூணு மாசப் படங்களை பிளாஸ்டிக் ஃபைல்ல போட்டு பீரோவுல வெச்சிருந்தேன். மழை பிடிச்சதுக்கப்புறம் நேத்துதான் திறந்தேன், ஒரே ஈர வாடை. 58வது படம், அம்மா முருங்கைக்கீரை ஆயுற கை. கட்டைவிரல் மேல மிளகுத்தூள் தூவின மாதிரி பழுப்புப் புள்ளி. அம்மா இப்ப இல்லை. அந்தக் கையை இனிமே பார்த்து வரைய முடியாது.

எல்லாத்தையும் வெளியே எடுத்து, தனித்தனியா பரப்பி ஃபேன் காத்துல வெச்சிருக்கேன். வெயில்ல வைக்க மனசு வரலை. நிறைய படத்துல அலிசரின் கிரிம்சன்ங்கிற அடர் சிவப்பு நிறம் இருக்கு, அது வெளிச்சத்துல வெளுக்கும். காகிதம் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம் எடை).

புள்ளியை மென்மையான பிரஷ்ஷால தட்டலாமா, தொடாம விடணுமா? இனி அடுக்கும்போது நடுவுல பட்டர் பேப்பர் போதுமா? ஈரத்தை உறிஞ்சுற சிலிக்கா ஜெல் எவ்வளவு வைக்கணும்? எழும்பூர் அருங்காட்சியகத்துல பழைய பொருட்களைக் கெடாம பாதுகாக்கிற ஆய்வகம் இருக்கே, வெளியாட்களுக்கு ஆலோசனை தருவாங்களா? போய்க் கேட்டவங்க யாராவது இருந்தா தயவுசெஞ்சு சொல்லுங்க. 58வது படத்தோட போட்டோவை கமெண்ட்ல போடுறேன்.