தோட்டத்து அறையில் குடித்தனம்: கவுன்சில் ஏன் அசையவில்லை?

நித்யா:
பக்கத்து வீட்டுக்காரர் தோட்டத்தில் ஜிம் என்று சொல்லி ஓர் அறை கட்டினார். இப்போது அனுமதி வாங்காமலேயே அதில் ஒரு குடும்பத்தை வாடகைக்கு வைத்திருக்கிறார். வீட்டிலிருந்து ஆரஞ்சு நிற ஒயர் ஒன்று புல்லுக்குள் ஓடி அந்த அறைக்குப் போகிறது. எட்டு மாதத்துக்கு முன் கவுன்சிலில், அதாவது இங்கே உள்ளாட்சி மன்றத்தில், புகார் கொடுத்தேன். ஒருவர் வந்து போட்டோ எடுத்தார், அவ்வளவுதான். விதி எதற்கு?

ரகு:
அக்கா, இங்கிலாந்தில் அனுமதி இல்லாமல் கட்டினால் உடனே குற்றமாகிவிடாது. பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடம் என்றால்தான் வேறு கதை. மற்றபடி விதிமீறலைச் சரிசெய்யச் சொல்லிக் கவுன்சில் அமலாக்க நோட்டீஸ் கொடுத்து, அதை மீறினால்தான் வழக்கு. நோட்டீஸ் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வதும் கவுன்சில்தான். அது நல்லது என்பேன். கொஞ்சம் உயர்ந்துவிட்ட சுவருக்கெல்லாம் இடிக்கக் கிளம்பினால் யாரும் நிம்மதியாக இருக்க முடியாது.

நித்யா:
நான் சுவரைப் பற்றிப் பேசவில்லை ரகு. நோட்டீஸ் வந்தாலும் அமலுக்கு வரக் குறைந்தது 28 நாள். அதற்குள் மேல்முறையீடு செய்தால் அது முடியும்வரை நோட்டீஸ் அமலாகாமல் நிற்கும். வாடகை மட்டும் நிற்காது. பத்து வருடம் யாரும் நடவடிக்கை எடுக்காவிட்டால் அதன்பின் தொடவே முடியாது.

ரகு:
அந்தப் பத்து வருடமே 2024 ஏப்ரல் 25-இல்தான் வந்தது. முன்பு கட்டடங்களுக்கு நாலே வருடம். சர்ரேயில் ஒருவர் வைக்கோல் கட்டுகளை அடுக்கி, அதன் பின்னால் கோட்டை போலவே வீடு கட்டி நாலு வருடம் மறைத்து வைத்தார். மறைத்ததற்குச் சலுகை கிடையாது என்று நீதிமன்றம் சொல்லி, 2016-இல் அது இடிக்கப்பட்டது. சட்டம் தூங்கவில்லை.

செல்வம்:
அந்த மாதிரி அறையில் இரண்டு குளிர்காலம் இருந்தவன் நான். காலையில் எழுந்தால் தலையணைப் பக்கச் சுவரில் தண்ணீர் வழியும். கவுன்சில் நோட்டீஸ் வந்ததும் ஓனர் எங்களிடம் சொன்னது, ஒரு வாரத்தில் காலி பண்ணுங்கள். அவருக்கு வீடு இருந்தது, எங்களுக்கு இல்லை. புகார் கொடுத்தவரும் அதிகாரியும் எங்கள் கதவைத் தட்டி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நித்யா:
அண்ணா, நானும் அந்தக் கதவைத் தட்டவில்லைதான். ஆனால் அப்படியே விட்டுவிடுவதும் இரக்கமில்லை. அந்த ஒயரில் ஒருநாள் தீப்பிடித்தால்? லண்டன் மைடா வேலில் 2015-இல் அனுமதியில்லாமல் இடித்த கார்ல்டன் டேவர்ன் பப்பை, வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் பழையபடியே திரும்பக் கட்ட வைத்தது. 2021-இல் அது திறந்தது. ஒரு பப்புக்கு அவ்வளவு உறுதியாக நின்றவர்கள், மனுசர் குடியிருக்கும் இடத்துக்கு ஏன் நிற்கக்கூடாது? நோட்டீஸை மீறியதாகத் தீர்ப்பானால், குற்ற வருமானச் சட்டப்படி வாங்கிய வாடகையையே பறிமுதல் செய்யலாம். அடி விழ வேண்டியது ஓனருக்கு.

ரகு:
அதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் கட்டட அனுமதியைப் பார்க்கும் பிளானிங் பிரிவுக்கு மட்டும் எழுதாதீர்கள், வீட்டுவசதிப் பிரிவுக்கும் சேர்த்து எழுதுங்கள். 56 நாளுக்குள் வீடிழக்கும் நிலை வந்தால், தகுதி உள்ளவர்களுக்குக் கவுன்சில் உதவியாக வேண்டும். 2017 சட்டம் அது.

செல்வம்:
எழுதும் முன் அந்தக் குடும்பத்திடம் ஒரு தடவை பேசுங்கள் தங்கச்சி. எங்களுக்கு அந்த 56 நாள் விஷயம் யாரும் சொல்லவில்லை.